பேட்டரியில் ஓடும்போது ப்ராசஸர் வேகத்தைக் குறைத்தும் நேரம் கூடவில்லை, எங்கே கை வைப்பது?

கயல்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம், உபுண்டு 24.04. பிழைதிருத்தும் வேலை என்பதால் பெரும்பாலும் லிப்ரே ஆபீஸும் பிடிஎஃப்பும்தான் திறந்திருக்கும், இடையிடையே யூடியூபில் வகுப்பு பார்ப்பேன். தினமும் ரயிலில் போய் வருகிறேன். பெட்டியில் பிளக் பாயின்ட் காலியாகக் கிடைப்பது அபூர்வம், அதனால் முழுக்க பேட்டரியை நம்பித்தான் வேலை.

ப்ராசஸர் வேகத்தைக் குறைத்தால் பேட்டரி நிற்கும் என்று பல இடங்களில் படித்துவிட்டு, சிபியூபவர் கட்டளை மூலம் அதிகபட்ச வேகத்தை 800 மெகாஹெர்ட்ஸில் கட்டி வைத்தேன். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகிற ப்ராசஸர் இது, கால் பங்குக்கும் கீழே இறக்கினால் நேரம் நன்றாகக் கூடும் என்றுதான் எதிர்பார்த்தேன். முன்பு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே நின்றது, இப்போதும் அதேதான். ஆனால் பெரிய பிடிஎஃப்பில் பக்கம் தள்ளினால் எழுத்து தெளிவாக வர நேரமாகிறது, யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது, வகுப்பு பார்க்கும் நாளில் பேட்டரி முன்பைவிடச் சீக்கிரமே தீர்வது போலவும் தெரிகிறது.

இன்னொன்று, பழைய கட்டுரைகளில் ஆன்டிமாண்ட், கன்சர்வேடிவ் என்று நிறைய கவர்னர் (ப்ராசஸர் வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்று முடிவு செய்யும் முறை) இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். என் லேப்டாப்பில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டுதான் காட்டுகிறது. மற்றவை எங்கே போயின? பவர்சேவில்தான் இருக்கிறது, அப்படியானால் ஏற்கெனவே குறைந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்ததா?

தாமிரபரணி:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அது சீக்கிரம் முடியும். உங்கள் ப்ராசஸரை ஓட்டுவது இன்டெல் பிஸ்டேட் என்கிற டிரைவர். லினக்ஸ் 3.9-இல், அதாவது 2013-இல் வந்தது. இதில் இரண்டே கவர்னர்தான். பழைய டிரைவரில் பவர்சேவ் என்றால் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் போட்டுப் பூட்டிவிடும், இதில் அப்படி இல்லை, வேலை வந்தால் வேகம் ஏறும், வேலை இல்லையென்றால் இறங்கும். உங்களுடைய 8ஆம் தலைமுறை ப்ராசஸரில் எந்த நொடியில் எந்த வேகம் என்பதைச் சில்லே முடிவு செய்துகொள்கிறது. நாம் சொல்லக்கூடியது, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது மட்டும்தான். அதற்குப் பெயர் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் பிரிஃபரன்ஸ், சுருக்கமாக ஈபிபி. உபுண்டுவில் மேல் மூலையில் பேட்டரி படத்தைத் தொட்டால் பவர் சேவர், பேலன்ஸ்டு என்று வருகிறதே, அது உள்ளே போய் மாற்றுவது இந்த ஈபிபியைத்தான். ஆக, பவர்சேவில் இருந்தது சரியான இடம்தான், அதைத் தொட வேண்டாம்.

இப்போது பெரிய கேள்வி. வேகத்தைக் குறைத்தும் ஏன் மிச்சமாகவில்லை? ப்ராசஸர் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் வேகத்தைப் பொறுத்து நேராகவும், வோல்டேஜைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் ஏறும். எல்லாச் சூட்சுமமும் அந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. 2000 ஜனவரியில் இன்டெல் முதன்முதலாக ஸ்பீட்ஸ்டெப் கொண்டுவந்ததே, அந்த மொபைல் பென்டியம் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பேட்டரிக்கு மாறினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வேகம் குறைந்தது 23 சதவீதம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மின்செலவு கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைந்துவிடும். அதே சில்லில் வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைத்திருந்தால்? செலவு 23 சதவீதம் குறையும், வேலை முடிய 30 சதவீதம் கூடுதல் நேரம் ஆகும், இரண்டையும் பெருக்கினால் அதே ஆற்றல்தான், ஒரு பைசா லாபம் இல்லை.

நீங்கள் 800-இல் கட்டியபோது நடப்பது கிட்டத்தட்ட இதுதான். ஒவ்வொரு சில்லுக்கும் இதற்குக் கீழே வோல்டேஜ் இறங்காது என்று ஒரு தரை உண்டு. வேகத்தைக் குறைக்கக் குறைக்க வோல்டேஜும் கூடவே இறங்கிவரும், அந்தத் தரையைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்குக் கீழே எவ்வளவு இறக்கினாலும் வேலை மெதுவாகிறதே தவிர ஆற்றல் மிச்சமில்லை. மிச்சமில்லை என்பதோடு போனால் பரவாயில்லை, நஷ்டமும் உண்டு. வேலையைச் சட்டென்று முடித்துவிட்டால் ப்ராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும், அங்கே அதன் பெரும்பகுதிக்கு மின்சாரமே போகாது. 800-இல் ஊர்ந்துகொண்டிருந்தால் தூங்கவே நேரம் கிடைக்காது. அது விழித்திருக்கும் நேரமெல்லாம் ரேம், உள்ளே இருக்கும் மற்ற இணைப்புகள், கசிந்து போகும் மின்சாரம் என்று எல்லாவற்றுக்கும் பேட்டரிதான் கொடுக்கிறது. வகுப்பு பார்க்கும் நாளில் சீக்கிரம் தீர்கிறது என்றீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

அப்படியென்றால் எங்கே குறைக்கலாம்? மேல் முனையில். இந்த ப்ராசஸரின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், சில லேப்டாப்பில் 1.8 என்று வைத்திருப்பார்கள். அதற்கு மேலே 3.4 வரை போவதெல்லாம் டர்போ, அங்கேதான் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும், கடைசிக் கொஞ்சம் வேகத்துக்கு அநியாய விலை கொடுக்க வேண்டியிருக்கும். பேட்டரியில் இருக்கும்போது டர்போவை மட்டும் நிறுத்துங்கள், கீழே எந்தப் பூட்டும் வேண்டாம். சிஸ் கோப்பகத்துக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, இன்டெல் பிஸ்டேட் என்று போனால் நோ டர்போ என்று ஒரு கோப்பு இருக்கும். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) இருந்து அதில் 1 என்று எழுதினால் டர்போ நிற்கும், 0 எழுதினால் திரும்ப வரும். மறுபடி பூட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் பயமில்லாமல் செய்து பார்க்கலாம்.

நெய்தல்:

தாமிரபரணி சொல்வது கணக்குப்படி சரி, ஆனால் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. நான் ரொம்ப நாளாக 1.2 கிகாஹெர்ட்ஸில் கட்டி வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஃபேன் சுற்றுவதே இல்லை, மடியில் வைத்தால் சூடு தெரிவதில்லை, தட்டச்சு செய்ய இது தாராளம். நம் மாதிரி எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு வேலையை ஓடி முடித்துவிட்டுத் தூங்குவது என்பதெல்லாம் எந்த அளவுக்குப் பொருந்தும்? பின்னால் திறந்து கிடக்கும் இணையப் பக்கங்கள் ஏதாவது ஒன்றை நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கின்றன, அவற்றுக்கு முடிவு என்று ஒன்று இல்லவே இல்லை. முடியாத வேலையை வேகமாகச் செய்தால் கூடுதலாகச் செய்யும், அவ்வளவுதான். அந்த இடத்தில் கடிவாளம் போடுவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

தாமிரபரணி:

@நெய்தல், நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். முடிவே இல்லாமல் ஓடுகிற வேலைக்கு உச்சவரம்பு வைத்தால் மிச்சமாகும். 1.2 என்பதும் மோசமான எண் இல்லை. 800, 400 என்று தரைக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஆனால் அப்படி ஓடிக்கொண்டே இருக்கும் பக்கத்துக்குக் கடிவாளம் போடுவதைவிட அதை மூடிவிடுவது எத்தனையோ மேல். பவர்டாப் என்கிற கருவியை ரூட்டாக இயக்கினால் எந்த நிரல் ஒரு நொடிக்கு எத்தனை முறை ப்ராசஸரைத் தட்டி எழுப்புகிறது என்று வரிசையாகக் காட்டும், ஐடில் ஸ்டாட்ஸ் என்ற பக்கத்தில் எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பதும் தெரியும். அதில் பேக்கேஜ் என்று போட்டிருக்கும் பகுதியில் சி8, சி10 என்கிற ஆழ்ந்த தூக்க நிலைகள் எல்லாம் பூஜ்யமாகவே இருந்தால், ஏதோ ஒன்று அதைத் தூங்கவிடவில்லை என்று பொருள்.

மணிமேடை:

வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், முதலில் அளந்து பார்க்க வேண்டாமா? கயல், யூபவர் கட்டளையில் பேட்டரி விவரத்தைக் கேட்டால் எனர்ஜி ரேட் என்று ஒரு வரி வரும், இந்த நொடியில் மொத்த லேப்டாப்பும் எத்தனை வாட் இழுக்கிறது என்பது அதுதான். சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு மாற்றம் செய்து, சில நிமிடம் விட்டுப் பாருங்கள், பிறகு அடுத்த மாற்றம். மணிக்கணக்கில் காத்திருந்து பேட்டரி எப்போது தீர்ந்தது என்று பார்ப்பதைவிட இது நம்பகமானது. அதே இடத்தில் எனர்ஜி ஃபுல், எனர்ஜி ஃபுல் டிசைன் என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, முதலாவது இன்றைய கொள்ளளவு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிறகு திரை. எழுத்து வேலையில் ப்ராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும், அந்த நேரத்தில் மிகப்பெரிய செலவாளி திரைக்குப் பின்னால் எரிகிற விளக்குதான். அதை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ப்ராசஸரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

யூடியூபுக்கு ஒரு தனிச் சங்கதி. இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1 என்கிற சுருக்க வடிவத்தில் அனுப்புகிறார்கள். உங்கள் 8ஆம் தலைமுறை சில்லில் அதற்கு முந்தைய விபி9 வடிவ வீடியோவை விரிக்கத் தனி வன்பொருள் உண்டு, ஏவி1-க்குக் கிடையாது, அது இன்டெலில் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் ஏவி1 வந்தால் ப்ராசஸர் கோர்கள்தான் ஒவ்வொரு பிரேமையும் விரிக்க வேண்டும், அதுவும் 800-இல். திக்காமல் என்ன செய்யும்! ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் கான்ஃபிக் பக்கத்துக்குப் போய் மீடியா ஏவி1 எனேபிள்டு என்ற வரியை ஃபால்ஸ் ஆக்குங்கள், யூடியூப் விபி9-க்கு மாறிக்கொள்ளும். வன்பொருள்தான் வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த இன்டெல் ஜிபியூ டாப் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது, வீடியோ ஓடும்போது அதில் வீடியோ என்கிற வரியில் சதவீதம் அசைந்தால் சரி. பூஜ்யத்திலேயே நின்றால் இன்னும் ப்ராசஸர்தான் சுமக்கிறது.

குமரி:

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்பதற்குக் கீழே மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்டில் ஆன் பேட்டரி என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினால் போதும், டர்போ நின்றுவிடும். ஒரே ஒரு சதவீதம்தான் என்றாலும் 100-க்குக் கீழே போனாலே டர்போ கிடையாது. 50, 30 என்றெல்லாம் இறக்க வேண்டாம், மேலே சொன்ன அதே காரணம்தான். புதிய லேப்டாப் பலவற்றில் இந்த வரியையே மறைத்து வைத்திருக்கிறார்கள், பவர்சிஎஃப்ஜி கட்டளை மூலம்தான் வெளியே கொண்டுவர முடியும்.

ஏஎம்டி ரைசன் என்றால் லினக்ஸில் ஏஎம்டி பிஸ்டேட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். 5.17 கெர்னலில், 2022-இல் வந்தது. 6.3 முதல் அதிலும் ஈபிபி உண்டு. டர்போவுக்கு அங்கே பூஸ்ட் என்று பெயர்.

வைகைக்கரை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினை இதற்கு நேர் எதிர். என் லேப்டாப் எந்த அமைப்பை மாற்றினாலும் 0.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. பேட்டரி, சார்ஜர் இரண்டிலும் இதே கதை. விண்டோஸ் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது. ஃபார்மட் செய்து பார்த்தாயிற்று.

சர்வீஸ் மாரி:

@வைகைக்கரை, சார்ஜர் ஒரிஜினலா? கடையில் இப்படி வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். சில கம்பெனி லேப்டாப்பில் சார்ஜர் பின்னின் நடுவில் மெல்லிய ஊசி மாதிரி ஒன்று இருக்கும், இது இத்தனை வாட் சார்ஜர் என்று போர்டுக்குச் சொல்வது அதுதான். அது வளைந்துவிட்டாலோ, வேறு சார்ஜரைப் போட்டாலோ, போர்டு எதற்கு வம்பு என்று ப்ராசஸரை அடிமட்ட வேகத்தில் நிறுத்திவிடும். அதிகமாகச் சூடானால் ப்ராசஸரை அடக்குவதற்கென்று ஒரு சிக்னல் கம்பி இருக்கிறது, அதையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். சார்ஜரைக் கழற்றினாலும் அப்படியே இருக்கிறது என்றால் பேட்டரியோ, வெப்பம் பார்க்கும் சென்சாரோ கெட்டிருக்கலாம். முதலில் நல்ல ஒரிஜினல் சார்ஜர் ஒன்றை நண்பர்களிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பிறகு லேப்டாப்பை அணைத்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, திரும்ப மாட்டுங்கள். இது வன்பொருள் சொல்கிற சொல், எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் போகாது.

கயல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னபடி ஒவ்வொன்றாக அளந்தேன்.

800 பூட்டோடு, திரை முழு வெளிச்சத்தில், ஆவணத்தை மட்டும் திறந்து வைத்தால் 8.6 வாட். பூட்டை எடுத்துவிட்டால் 8.7. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினேன், 6.4-க்கு வந்துவிட்டது. பவர்டாப்பில் பார்த்தால் பின்னால் திறந்து கிடந்த ஒரு செய்தித் தளம், அசையும் விளம்பரங்களோடு, ப்ராசஸரைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதை மூடியதும் 6-க்குக் கீழே போனது, சி8 வரியிலும் எண் தெரிய ஆரம்பித்தது. யூடியூப் வகுப்பு ஏவி1-இல் 12 வாட் வரை இழுத்தது. விபி9-க்கு மாற்றிய பின் 7.5-ஐ ஒட்டி நிற்கிறது, திக்கலும் இல்லை. டர்போவை நிறுத்தியதில் சும்மா இருக்கும்போது எந்த மாற்றமும் தெரியவில்லை, ஆனால் பெரிய பிடிஎஃப் திறக்கும்போது 20 வாட்டைத் தாண்டிக் குதித்தது இப்போது 12-க்குள் அடங்குகிறது, திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பேட்டரி விவரம்தான் மனசைச் சங்கடப்படுத்துகிறது. டிசைன் 48 வாட் அவர், இன்று முழுசாக நிரம்பினால் 31. இரண்டு கேள்வி மிச்சமிருக்கிறது. சார்ஜரைக் கழற்றும்போது மட்டும் டர்போ தானாக நிற்கும்படி செய்ய டிஎல்பி என்கிற மின்சேமிப்பு நிரலைப் போடலாமா, உபுண்டுவின் பவர் சேவரோடு அது ஒத்துப்போகுமா? இந்த 31 இன்னும் குறையாமல் காப்பாற்ற வழி உண்டா?

தாமிரபரணி:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். டிஎல்பி போடலாம், ஆனால் உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும், பவர் சேவர் பொத்தானுக்குப் பின்னால் வேலை செய்கிற பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனை எடுத்துவிட்டுப் போடுங்கள். இரண்டும் ஈபிபியைத்தான் மாற்றும், ஒன்று வைத்ததை மற்றொன்று அழிக்கும். அதை எடுத்தால் மேல் மூலையில் இருந்த பவர் சேவர் பொத்தான் காணாமல் போகும், பதற வேண்டாம். டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் சிபியூ பூஸ்ட் ஆன் பேட் என்ற வரிக்கு 0, சிபியூ எனர்ஜி பெர்ஃப் பாலிசி ஆன் பேட் என்பதற்கு பேலன்ஸ் பவர் என்று கொடுங்கள். வரியின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை நீக்க மறக்காதீர்கள், அது இருந்தால் அந்த வரி செல்லாது. அதிகபட்ச வேகத்துக்கென்று தனி வரி இருக்கும், அதைக் காலியாகவே விடுங்கள். பவர்டாப்பின் ஆட்டோ ட்யூனையும் இதோடு சேர்த்துப் போட வேண்டாம், யூஎஸ்பி மவுஸைத் தூங்க வைத்துவிட்டு, நீங்கள் தொடும்போது அது எழ நேரமாகும்.

சர்வீஸ் மாரி:

பேட்டரிக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. 48-க்கு 31 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது, போனது திரும்ப வராது, இருப்பதைக் காக்கலாம். உங்கள் மாடல் ஒத்துக்கொண்டால் அதே டிஎல்பியில் ஸ்டாப் சார்ஜ் த்ரெஷ் என்று ஒரு வரி இருக்கும், வீட்டில் எந்நேரமும் சார்ஜரில் கிடக்கிற லேப்டாப் என்றால் 80 என்று கொடுங்கள், நூறில் நிறுத்தி வைப்பதுதான் லித்தியம் செல்லை வேகமாகத் தின்கிறது. ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பு மட்டும் டிஎல்பி ஃபுல்சார்ஜ் கட்டளை கொடுத்து முழுசாக ஏற்றிக்கொள்ளலாம், அந்த ஒரு தடவைக்கு வரம்பைப் பார்க்காது. அப்புறம், மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், காற்று போகும் வழி அடைத்தால் அந்தச் சூடு நேராகப் பேட்டரிக்குத்தான் போகும். கீழ்ப்பலகை எங்காவது லேசாக உப்பியது மாதிரி தெரிந்தாலோ டச்பேட் மேலே தூக்கினாலோ சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.